கொழும்பு விமானம்

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகள் பிருந்தாவோடு குமரகுருபரன் பேசுவதில்லை. ஆனால் அவள் ஓட்டும் விமானத்தை மட்டும் அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் அந்த விமானம் பாளையங்கோட்டைக்கு நேர் மேலேதான் கடக்கும். மொட்டைமாடியில் அவர் நட்டிருந்த ஆன்டெனா விமானங்களின் சிக்னலைப் பிடிக்க, கீழே மடிக்கணினியின் வரைபடத்தில் அவை எறும்பாக ஊரும். மகளுக்கு என்றைக்கு வேலை என்பதை மனைவி கோமு அடுப்பங்கரையில் நின்று சுவரிடம் சொல்வாள். அவரும் காதில் விழாத மாதிரி கேட்டுக்கொள்வார்.

அன்று சாயங்காலம் திருச்செந்தூர்க் கடலைத் தாண்டியதும் விமானம் திரையிலிருந்து காணாமல் போனது. பதறிப்போய் மாடிக்கு ஓடினார். ஆன்டெனாக் கம்பில் கோமு தன் அரக்கு நிறக் கல்யாணப் பட்டின் முனையைக் கட்டியிருந்தாள். காற்றில் பட்டு உப்பி, கம்பு சாய்ந்து கிடந்தது.

“ஏட்டி, சேலை காயப்போட ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?”

“காயப்போடல. எப்பவும் நீங்க அவளப் பாக்குதிய. அவ நம்மளப் பாக்க வேண்டாமா? இத்தன வீட்டுல நம்ம வீடு எதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

அந்த உயரத்திலிருந்து பாளையங்கோட்டையே ஒரு பொட்டுதான். அதைச் சொல்ல வாயெடுத்தவர் மென்று விழுங்கினார். தலைக்கு மேலே மெல்லிய இரைச்சல் கேட்டது. கம்பில் இருந்த முனையை அவிழ்த்து கோமுவின் கையில் கொடுத்துவிட்டு, படபடத்துக்கொண்டிருந்த மறுமுனையை எட்டிப் பிடித்தார்.

“நல்லா இழுத்துப் பிடிட்டி. சுருங்கிக் கெடந்தா பிள்ளைக்குத் தெரியாது.”