வெள்ளை சிமெண்ட் காயும்வரை

அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை அவள் பழைய பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கறுத்துப்போன எண்ணெய், தோல் போலச் சுருண்டு சுருண்டு உரிந்தது. உரித்த இடத்துக்கு அடியில் இன்னொரு அடுக்கு. எத்தனை குடித்தனங்கள் இங்கே பொரித்துத் தின்றுவிட்டுப் போயினவோ.

"உள்ள உயிரோட இருக்கீங்களா?" என்றாள், குளியலறைப் பக்கம் திரும்பாமலே.

"இருக்கேன், இருக்கேன். இதுல குளிச்சவன் உள்ள போனதைவிட அழுக்காத்தான் வெளிய வந்திருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு இழுத்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

"குனிஞ்சு வேலை பாக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"குனியாம சுரண்ட நான் என்ன ஒட்டடைக் குச்சியா? உங்க வேலையைப் பாருங்க."

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். கட்டடக் கம்பெனி ஆம்பளைகளோடு ஒரே கூடத்தில் படுக்கை. அவள் ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். ஓட்டல்காரர்கள் கொடுத்த பெண்கள் ஹாஸ்டலில், அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. கட்டின புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, லீவு நாளில் பார்க் பெஞ்சில் சந்தித்துப் பேசிவிட்டுப் பிரிகிறவர்கள். சிநேகிதி ஒருத்தி ஊருக்குப் போயிருந்தபோது அவள் அறை கொஞ்ச நாள் கிடைத்தது. அதன் பலன்தான் வயிற்றில் இருந்தது.

ஹாஸ்டலில் அதற்குச் சட்டம் உண்டு. வயிறு தெரிந்தால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வெளியே வீடு எடுத்துப் புருஷனோடு இருக்கிறவர்களை மட்டும் வேலையில் வைத்துக்கொள்வார்கள். போன மாதமே வார்டனம்மா அவளைப் பார்த்து, "சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல" என்று சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து யூனிபாரத்துக்கு உள்ளே ஒரு துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போகிறாள்.

வீடு தேடி இருவரும் ஏறி இறங்காத படியில்லை. கதவைத் திறந்தவர்கள் முதலில் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சிமெண்ட் ஏறிய அவன் விரல்களைப் பார்த்தார்கள், பிறகு வீடு போய்விட்டது என்றார்கள். போய்விட்டது என்ற வீட்டு வாசலில் மறுவாரமும் 'வாடகைக்கு' பலகை தொங்கும்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொன்னானே, அவன் அடுத்தவன் தேசத்துல வாடகைக்குக் கேட்டுப் பார்னு சேத்துச் சொல்லாமப் போயிட்டான்," என்றான் அவன் ஒருநாள், செருப்புத் தேய்ந்து நின்றபோது.

அப்போதுதான் மச்சான் கிடைத்தார். வீட்டுத் தரகர். நம் பாஷை பேசுகிற ஆள். ஊருக்கெல்லாம் அவர் மச்சான்தான். பேர் என்னவென்று கேட்டவர் யாருமில்லை. அவள் மட்டும் "அண்ணே" என்றாள்.

"பாத்தீங்களா? மாப்பிள்ளைக்கு மச்சான், தங்கச்சிக்கு அண்ணன். முறை எவ்வளவு சரியா வந்திருக்கு," என்று சிரித்தார். "உங்ககிட்ட போய் நான் முன்பணம் கேப்பேனா? ஒரு வீடு இருக்கு, அழுக்கா கெடக்கு. நீங்க கையில தொழில் வச்சிருக்கறவங்க. செஞ்சு குடுத்துட்டு சாவியை வாங்கிக்குங்க. ஓனரம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

பிறத்தியாரிடம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பார்கள். முறை சொல்லிக் கூப்பிட்டவரிடம் எப்படிக் கேட்பது?

போன லீவு நாள் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்றைக்கு மிச்ச வேலை. உடைந்த டைல்ஸுக்குப் பதிலாக, கட்டடத்தில் மீந்த துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். நிறம் சரியாகப் பொருந்தவில்லை என்று, நல்லதைப் பெயர்த்து நடுவில் போட்டு, பொருந்தாததை மூலைக்குத் தள்ளினான்.

"யாரு பாக்கப் போறா மூலையை?"

"நீதான். தினம் குளிக்கும்போது கண்ணை உறுத்தும்ல?"

அவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். குழாய் மூக்கைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, முகம் தெரியும்படி பண்ணினாள். ஓட்டலில் அவளுக்குப் பழக்கிவிட்டது அதுதான்: இந்த அறையில் இதற்கு முன் யாருமே இருந்ததில்லை என்று வருகிறவர் நினைக்க வேண்டும். தொட்டிலுக்கு எந்த மூலை என்று மட்டும் இடையிடையே பார்த்துக்கொண்டாள். வெயில் நேரே விழாத மூலை ஒன்று இருந்தது.

மத்தியானம் சாவியோடு வருகிறேன் என்ற தரகர் வரவில்லை. அவன் இரண்டு தரம் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது.

"வண்டியில வந்துட்டிருப்பார்," என்றான்.

"நானும் அதத்தான் நெனைக்கறேன்," என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் காலடி இல்லை. அவள் அவசரமாகத் துப்பட்டாவை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டாள்.

தரகருக்குப் பின்னால் இந்த ஊர்க்காரர்கள் இருவர், புருஷனும் பெண்டாட்டியும். அந்தப் பெண் வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்து, என்னவோ சந்தோஷமாகச் சொன்னாள். தரகர் அவர்கள் பாஷையில் பதில் சொல்லிக்கொண்டே சமையலறையைக் கையால் காட்டினார். அந்த ஆள் போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தான்.

"இவங்க யாருண்ணே?"

"வா தங்கச்சி, இப்படி வா." அவளையும் அவனையும் வெளி நடைக்குக் கூட்டிப்போனார். "போன வாரம் சுண்ணாம்பு அடிச்சதும் படம் எடுத்தேன்ல? அதை ஓனரம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அவங்க பாத்துட்டு, இவ்வளவு நல்ல வீட்டை இந்த வாடகைக்கா விடறதுன்னு, இவங்களுக்குப் பேசி முடிச்சிட்டாங்க. என் கையில என்ன இருக்கு?"

"நல்ல வீடா ஆக்கினது யாரு மச்சான்?" என்றான் அவன். குரல் மெதுவாகத்தான் இருந்தது. வலது கையில் சிமெண்ட் கரண்டி இருந்தது.

"அதைக் கீழ வைங்க மாப்ளே. உங்களுக்கு வேற வீடு பாக்காம விட்டுடுவேனா?"

"வேற வீடுன்னா, அதையும் நாங்க கழுவித் தரணுமாண்ணே?" என்றாள் அவள். "சாவி இன்னைக்குன்னு சொன்னீங்க. நான் அங்க பொட்டியைக் கட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

"வாய்ச்சொல் தங்கச்சி. நான் எழுதியா குடுத்தேன்?"

"அண்ணன் தங்கச்சி எழுதியா வச்சுக்குவாங்க?"

அவர் அவள் வயிற்றை மறைத்த துப்பட்டாவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"சரி, நீங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா? கொழந்தை இருக்கற குடும்பத்துக்கு ஓனரம்மா குடுக்கவே மாட்டாங்க. மறைச்சது யாரு?" குரலைத் தாழ்த்தினார். "உங்க ஹாஸ்டல் வார்டனம்மா எனக்குப் பழக்கம்தான். ரொம்பத் தங்கமானவங்க. இதுவரைக்கும் நான் ஒண்ணும் பேசல. பேசவும் மாட்டேன். என்ன, நாமளும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

உள்ளே அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து புருஷனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வெயில் விழாத மூலையில் அவர்கள் எதையோ கையால் அளந்தார்கள்.

அவன் வாய் திறக்கப் போனான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க, போலாம்."

"அப்படியே போறதா?"

"வேண்டாங்க. வாங்க."

அவள் வாளியையும் பிரஷையும் எடுத்துக்கொண்டாள். அவன் உள்ளே போய்த் தன் கரண்டிகளைச் சாக்குப்பையில் போட்டான். கிளம்பினவன் நின்றான். திரும்பிப்போய், குளியலறை வாசலில் மிச்சமிருந்த டைல்ஸ் அட்டைப்பெட்டியைக் குறுக்கே நிறுத்தினான். அந்த ஆளைக் கையால் கூப்பிட்டு, தரையைக் காட்டி, விரலை ஆட்டி, கன்னத்தில் கைவைத்துத் தூங்குவதுபோல் சாய்ந்து, பிறகு எழுந்திருப்பதுபோல் காட்டினான். அந்த ஆளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டி, மரியாதையாக நன்றி சொன்னான்.

படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். ஒரு வளைவு தாண்டியதும் கேட்டாள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நாளைக்குக் காலை வரைக்கும் குளியலறையில தண்ணி ஊத்தாதீங்கன்னு. டைல்ஸ் இடுக்குல வச்ச வெள்ளை சிமெண்ட் இன்னும் காயல. தண்ணி பட்டா கரைஞ்சுடும்."

அவள் வாளியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டான்.

"சமையக்கட்டுக் குழாய்தான்," என்றான். இறங்கினான்.