முழங்காலுக்காக ஒரு கல்யாணம்

வெண்டல் க்ரூகர் பத்தொன்பது முறை மார்லிஸிடம் கல்யாணப் பேச்சை எடுத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்பார். பதிலும் பத்தொன்பது வருஷமாக ஒன்றேதான்.

"மானைச் சுடு, என்னை விடு."

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே நாய் என்று இருவரும் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள். கையெழுத்து மட்டும் இல்லை. மார்லிஸின் முதல் புருஷன் மீன்பிடிப் படகையும் அதில் உட்கார ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப்போன அன்று, அவர் ட்வெய்னின் மதுக்கடையில் முக்காலி மேல் ஏறி நின்று சபதம் போட்டிருந்தார். "இனி எந்த ஆம்பள பேருக்குப் பக்கத்துலயும் என் கையெழுத்து விழாது! விழுந்துச்சுன்னா இந்தக் கடையில இருக்கிற அத்தன பேருக்கும் என் செலவுல பிராந்தி!" அன்று கடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். இன்று ஓட்டர் ஃபால்ஸ் ஊரில் கேட்டுப் பாருங்கள், அந்தச் சபதத்தைத் தன் காதாலேயே கேட்டவர்கள் நானூறு பேராவது இருப்பார்கள். அதில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

இந்த வருஷம் அக்டோபரில்தான் கதை திரும்பியது. மார்லிஸ் வேலை பார்த்த பல் மருத்துவமனையை டாக்டர் மூடிவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டார். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போகும், அக்டோபர் முப்பத்தொன்றோடு சரி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளோ நவம்பர் பன்னிரண்டு. அந்த இடது முழங்கால் லேசுப்பட்டதில்லை. அவர் மாடிப்படி ஏறினால் அது போடும் சத்தத்துக்கு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நாய் குரைக்கும்.

பழைய காப்பீட்டையே வைத்துக்கொள்ளலாம், முழுச் சந்தாவையும் நீங்களே கட்டினால் போதும் என்று அன்பாக ஒரு கடிதம் வந்தது. மாதம் ஆயிரத்து நூறு டாலர். அரசாங்கக் காப்பீடு கிடைக்க அறுபத்தைந்து வயதாக வேண்டும், மார்லிஸுக்கு அறுபத்திரண்டு. "மூணு வருஷம் ஒத்தக்கால்ல நிக்கச் சொல்றானுங்க" என்று கடிதத்தை நாயின் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் போட்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே பொரித்த மீன் தின்ன ட்வெய்னின் கடைக்குத்தான் வரும். அங்கே வினிகரில் ஊறவைத்த முட்டை ஜாடிக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னொரு ஜாடி இருக்கும். யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அவர் படத்தை ஒட்டி, சில்லறை போட வைப்பார்கள். பற்றாவிட்டால் இறைச்சிக் குலுக்கல்: ஒரு டாலர் சீட்டு, ஜெயித்தவருக்குப் பன்றித் தொடை. போன வருஷம் லெனர்டின் இதயத்துக்காக இந்த ஊர் தின்ற பன்றித் தொடையில் இன்னும் ஆறு பேருக்கு இதயம் அடைத்திருக்கும்.

"பார்த்தியா வெண்டல்? உலகத்துலயே பணக்கார நாடு" என்று மார்லிஸ் ஜாடியை முள்கரண்டியால் தட்டினார். "வைத்தியத்த முட்டை ஜாடியில வெச்சு நடத்துறோம். நாட்டுக்கே ஒரே காப்பீடு, அரசாங்கமே கட்டும்னு ஒரு சட்டம் போட்டா இந்த ஜாடியில முட்டையையாவது போடலாம்."

இந்தச் சண்டைக்கும் பத்தொன்பது வயது. வெண்டல் தயாராக இருந்தார். "நம்ம வீட்டு முன்னாடி பள்ளத்த மூட அரசாங்கம் மூணு வருஷம் எடுத்துச்சு. அது கையில உன் முட்டியக் குடுக்கச் சொல்றியா?"

"இப்ப மட்டும் யார் கையில இருக்கு? போன்ல பாட்டு போட்டுட்டுக் காக்க வெக்கிறானே, அவன் கையில!"

"எங்க தொழிற்சாலைக் காப்பீடு நல்லாத்தானே இருக்கு? சங்கம் சண்ட போட்டு வாங்கினது. அத எதுக்கு நான் விட்டுக் குடுக்கணும்?"

மார்லிஸ் மீனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பிடின்னா அந்த நல்ல காப்பீட்டுல எனக்கும் ஒரு இடம் குடு. என்னக் கட்டிக்கோ."

கடையில் மீன் பொரியும் சத்தம்கூட நின்றது. ட்வெய்ன் ஊற்றிக்கொண்டிருந்த பீர் கோப்பையில் நிறைந்து, மேஜையில் நிறைந்து, அவர் செருப்பிலும் நிறைந்தது.

"எதுக்கு?" என்றார் வெண்டல். அறுபத்தொரு வயசில் அதைவிட மோசமான கேள்வியை எந்த ஆணும் கேட்டதில்லை.

"எதுக்கா? முழங்காலுக்கு! முப்பதாம் தேதிக்குள்ள. அன்னிக்கு உனக்கு வேற வேல ஏதாவது இருக்கா?"

வெண்டலுக்கு வேறு வேலை இல்லை. திங்கட்கிழமை காலையிலேயே இருவரும் ஒரே ஊன்றுகோலோடு போய்க் கல்யாண உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். வெண்டல் கால் தரையில் படாமல் நடந்தார். மூன்றாவது நாள்தான் சின்னதாக ஒரு முள் குத்தியது. பத்தொன்பது வருஷம் நான் கேட்டேன், கிடைக்கவில்லை. ஒரு முட்டி கேட்டது, உடனே கிடைத்துவிட்டது.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மரக் கழிப்பறை இருக்கைகள் செய்வது. அமெரிக்காவில் பாதி ஜனம் தன் கைவேலை மேல்தான் தினமும் உட்கார்ந்து யோசிக்கிறது என்பார். அங்கே ஒவ்வொரு அக்டோபரிலும் காப்பீட்டுக் கூட்டம் நடக்கும். பணியாளர் அலுவலகத்து ட்ரூடி, சர்க்கரை தூவிய டோனட்டுகளோடு வந்து தலைக்கு ஒரு காப்பீட்டு விதிப் புத்தகம் கொடுப்பார். லாரி உருளாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு தடி. டோனட் ஒரு கையில், பேனா மறு கையில், 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். இருபத்தேழு வருஷமாக வெண்டலும் படித்துப் புரிந்துகொண்டுதான் வந்தார், ஒரு தடவைகூட பிரிக்காமல்.

இந்தத் தடவை மனைவி பெயரை எங்கே எழுதுவது என்று தேட வேண்டியிருந்தது. வீட்டுச் சமையலறையில் பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, முதல் முறையாகப் புத்தகத்தைத் திறந்தார். அது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தானாக விரிந்தது. அதில் வட்டமாக ஒரு காப்பிக் கறை. கறைக்கு நடுவில் ஒரு பத்தி. கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழும் துணைக்கும் இந்தக் காப்பீடு உண்டு, இருவரும் ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட்டால் போதும்.

வெண்டல் நான்கு தடவை படித்தார். பால் ஆடை கட்டியது. அதாவது, கல்யாணமே தேவையில்லை.

மார்லிஸிடம் சொன்னால் முழங்கால் பிழைக்கும், கல்யாணம் செத்துவிடும். சொல்லாவிட்டால் இரண்டும் நடக்கும். ஆனால் பொய்யின் மேல் நடக்கும். புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்தார். அடுத்த ஆறு நாள் அது அங்கேயே இருந்தது. கனத்தில் கோட்டு ஒரு பக்கம் சாய, வெண்டலும் சாய்ந்தே நடந்தார்.

"இடுப்புல என்ன?" என்றார் மார்லிஸ்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நேரா நட. கல்யாணத்துல நொண்டுறதுக்கு நான் ஒருத்தி போதும்."

ராத்திரி தூக்கத்தில் வெண்டல் 'நாற்பத்து மூணு, நாற்பத்து மூணு' என்று புலம்பினார். லாட்டரி எண் என்று நினைத்துக்கொண்டேன் என்று மார்லிஸ் காலையில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னவோ இருந்தது. வெண்டல் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

முப்பதாம் தேதி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. மார்லிஸ் நீலச் சட்டையில், கையில் ஊன்றுகோல், அதன் தலையில் ட்ரூடி கட்டிவிட்ட வெள்ளை ரிப்பன். சாட்சிகள் ட்ரூடியும் ட்வெய்னும். நீதிபதி அறைக்கதவு திறந்து, "க்ரூகர் கல்யாணம்?" என்று ஒரு குரல் கேட்டது.

வெண்டல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "ஒரு நிமிஷம். மார்லிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா? மனுஷா, இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் திரும்ப உக்காந்தா கிரேன் வெச்சுத்தான் எழுப்பணும்."

வெண்டல் கோட்டிலிருந்து புத்தகத்தை உருவினார். கோட்டு நிமிர்ந்தது. "நாற்பத்து மூணாம் பக்கம். நீ என்னக் கட்டிக்க வேண்டியதில்ல. சேர்ந்து இருக்கிறவங்களுக்கும் காப்பீடு உண்டு, ஒரு கையெழுத்து போதும். எனக்கு ஆறு நாளா தெரியும். சொல்லல. சொல்லியிருக்கணும். வா, நேரா ட்ரூடி ஆபீசுக்குப் போயி அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துரலாம். உன் முட்டி பத்திரம்."

ட்ரூடி ட்வெய்னைப் பார்த்தார். ட்வெய்ன் கூரையைப் பார்த்தார்.

மார்லிஸ் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தார். காப்பிக் கறையில் விரலை வைத்தார்.

"வெண்டல், நீ காப்பி குடிப்பியா?"

"இல்லியே. பால்தான்."

"நாய் குடிக்குமா?"

வெண்டலின் முகத்தில் அந்தக் கணக்கு மெதுவாக, குளிர்காலத்து டிராக்டர் போல, கிளம்பியது.

"பதினெட்டு வருஷம் பல் ஆஸ்பத்திரியில ஒக்காந்து காப்பீட்டுக் கம்பெனிங்களோட மல்லுக்கட்டினவ நான். அந்தப் புத்தகம் வீட்டுக்குள்ள வந்தா நீ ஷூ கழட்டுறதுக்குள்ள படிச்சு முடிச்சிருவேன். அந்தப் பத்தி ஆறு வருஷமா இருக்கு, வெண்டல். போன வருஷம் நாற்பத்தொண்ணாம் பக்கத்துல இருந்துச்சு."

"அப்ப எதுக்கு என்னக் கட்டிக்கச் சொன்ன?"

"ஊர் முன்னாடி முக்காலி மேல ஏறிச் சபதம் போட்டவ, சும்மா இறங்கி வந்து 'எனக்கு இந்த மனுஷன புடிச்சிருக்கு'ன்னு சொல்ல முடியுமா? மானம் போயிராது? ஒரு காரணம் வேணும். பத்து வருஷமா தேடிட்டு இருந்தேன், முட்டி குடுத்துச்சு." மார்லிஸ் ஊன்றுகோல் ரிப்பனை இழுத்துச் சரிசெய்தார். "நீ என்னிக்காவது படிச்சிட்டு வந்து சொல்றியான்னும் பாக்கணும்னு இருந்துச்சு. சொல்லாம உள்ள வந்திருந்தா, ஊன்றுகோலாலயே போட்டிருப்பேன்."

"அப்ப கல்யாணம்?"

"கதவத் திறந்து வெச்சுட்டு நிக்கிறாங்க பாரு. குளிர் உள்ள போகுது. நட."

நீதிபதி மூன்று நிமிஷத்தில் முடித்துவைத்தார். கையெழுத்துப் போடும்போது மார்லிஸ் பேனாவை உதறி உதறிப் பார்த்தார், மை வராமல் போய்விடுமோ என்பது போல. நன்றாகவே வந்தது. ட்வெய்ன் வாசலுக்கு ஓடிப்போய் யாருக்கோ போன் போட்டார். அன்று மாலை அவர் கடைக்குச் சபதத்தைக் கேட்ட நானூறு பேரும் வந்தார்கள். பக்கத்து மூன்று மாவட்டங்களிலிருந்து, கேட்காதவர்களும் வந்தார்கள். பிராந்தி தீர்ந்து, பிறகு ஊறவைத்த முட்டையும் தீர்ந்தது. வெண்டல் காலி ஜாடியை முத்தமிட்டதாக ஒரு பேச்சு உண்டு.

நடுவில் அவர் ஒரு முறை மேஜையைத் தட்டி எழுந்தார். "இத்தன வருஷம் நான் ஏன் ஒரே காப்பீடு வேணாம்னேன்னு இப்பப் புரியுதா? அரசாங்கமே எல்லாருக்கும் கட்டியிருந்தா இவ என்னக் கட்டியிருப்பாளா?"

"அந்தச் சட்டம் வந்திருந்தா வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பேன், உக்காரு" என்றார் மார்லிஸ்.

நவம்பர் பன்னிரண்டில் புது முழங்கால் வந்தது. மூன்றாம் நாள் வீட்டு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, காப்பிக் கோப்பையும் போனுமாக மார்லிஸ் காப்பீட்டுக் கம்பெனியை அழைத்தார். நாற்பது நிமிஷம் பாட்டு ஓடியது. நாய் அதற்குத் தலையாட்டக் கற்றுக்கொண்டது. கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, காப்பீடு வைத்திருக்கும் வெண்டல் க்ரூகருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது.

"மனைவி" என்றார் மார்லிஸ், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.

சரிபார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றது குரல். மறுபடி பாட்டு. இருபது நிமிஷம் கழித்து வேறொரு ஆண் குரல், அதே கேள்வி.

"மனைவி."

மறுபடி பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்டலுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அநியாயம் இது! எத்தன தடவ கேப்பானுங்க? நீ சொல்றதுதான் சரி. அரசாங்கமே கட்டினா இந்தக் கேள்வியே இருக்காது. நான் மாறிட்டேன் மார்லிஸ், அடுத்த தேர்தல்ல—"

மார்லிஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஸ்ஸ், சும்மா இரு. இன்னொரு தடவ கேக்கட்டும்."