வாத்து என்று வந்த எச்சில்

ஏரிப் பறவைகளிடம் வைரஸ் இல்லை என்று அறிக்கை எழுதியது அவள்தான். அப்படி எழுத வைத்தவை அண்ணன் கொண்டுவந்த குப்பிகள்.

அண்ணன் விடியலில் ஏரிக்குப் போவான். வலையில் சிக்கும் காட்டு வாத்துகளின் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, குச்சியைக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியோடு ஆய்வகத்தில் இறக்குவான். அந்த எச்சிலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் இருக்கிறதா, இருந்தால் அதன் மரபணு எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பது தங்கையான இவளுடைய வேலை. இந்தப் பருவம் முழுக்க ஒரு குப்பியிலும் ஒன்றும் இல்லை. அதை நம்பித்தான் கரையில் இருந்த வாத்துக்காரம்மா பட்டியைத் திறந்து தன் வாத்துகளைத் தண்ணீரில் விட்டார்.

இப்போது அந்தப் பட்டி காலி. செத்த வாத்துகளில் இருந்த வைரஸின் மரபணுவை அவளே படித்துப் பார்த்தாள். வலசைப் பறவைகள் தொலைவிலிருந்து சுமந்து வருகிற அதே ரகம். அப்படியானால் அது ஏரியில் இருந்திருக்கிறது. அண்ணனின் குப்பிகளில் மட்டும் ஏன் இல்லை?

முதலில் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் அவள். புதிய மருந்துகளை எடுத்து, வேறு இயந்திரத்தில், மீதமிருந்த எச்சிலை மறுபடி சோதித்தாள். அதே முடிவு. கடைசியாக, எச்சில் எந்தப் பறவையுடையது என்று காட்டும் சோதனையைச் செய்தாள். பெட்டிக்கு ஒரு குப்பியையாவது அப்படிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அண்ணன் பெட்டி என்றால் மட்டும் விட்டுவிடுவாள். கூடப் பிறந்தவன் வாத்து என்று சொன்னால் அது வாத்துதானே?

பக்கத்து மேசைக்காரன் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்னங்க இது, உங்க ஏரியில கோழி நீச்சல் பழகுதா?"

அவள் மற்ற குப்பிகளின் முடிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றுவிடாமல் எல்லாம் கோழி.

அண்ணன் வீட்டு வாசலில் வலை காய்ந்து மொடமொடவென்று தொங்கியது. சேறு பட்டு வெகு நாளாகியிருக்கும். இல்லை, கழுவிப் போட்டிருக்கலாம் என்று அப்போதும் அவள் மனம் அவனுக்காகப் பேசியது.

"வா குட்டி! என்ன திடீர்னு?"

"அண்ணா, நீ குடுத்ததுல வாத்தே இல்ல. எல்லாம் கோழி."

அவன் அசரவில்லை. "உங்க லேப்புல எவனாவது கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டே வேலை பாத்திருப்பான். அதுக்கு என்னை வந்து கேக்குற?"

உள்ளேயிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. தங்கைக்கும் பாதி நம்பத் தோன்றியது. முழுதாக நம்பத்தான் வந்திருந்தாள்.

"சரி. கொல்லையில இருக்கிற உன் கோழிங்க எச்சிலைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். குப்பியில இருந்ததோட ஒத்துப்போகலைன்னா தப்பு என்னோடது. உன் கால்லயே விழறேன், போதுமா?"

"அதுங்க மிரளும், விடு" என்று அவன் எழுவதற்குள் அவள் கொல்லைப்புறம் போய்விட்டாள். கையுறை மாட்டி, ஒரு பழுப்புக் கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, குச்சியின் உறையைக் கிழித்தாள். எந்தப் பறவையும் இந்த நேரத்தில் தலையை உதறும், அலகை இறுக்கிக்கொள்ளும். இந்தக் கோழி குச்சியைக் கண்டதும் தானாகவே வாயை ஆவென்று திறந்து காத்திருந்தது.

"அதுக்குப் பழகிடுச்சு" என்றாள் பின்னால் வந்த அண்ணி, வாய் தவறி.

அண்ணிக்கும் தெரியும். வாரந்தோறும் இதே வீட்டில்தான் தங்கை சாப்பிட்டாள். இன்னைக்கு ஒரு வாத்து கையைக் கொத்திடுச்சு என்று அண்ணன் கதை அளப்பான். அண்ணி உச்சுக்கொட்டுவாள். தங்கை ஓடிப் போய் மருந்து தேடுவாள்.

அண்ணன் சுவரைப் பார்த்துப் பேசினான். "போன வருஷம் என்கூட வலை போட்டவன் காய்ச்சல்ல போனான்ல. அதுக்கப்புறம் வாத்தைத் தொடவே கை வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே சேத்துல இறங்கியிருப்பேனே!"

"நீ வாங்கிக் குடுத்த வேலை. உங்கிட்டயே எப்படிச் சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "டைரக்டர் கேட்டா, லேப்புல கலந்துபோச்சு, என் தப்புதான்னு சொல்லிடு குட்டி. நீதான் எப்பவும் உன்னையே சந்தேகப்படுவியே, எல்லாரும் நம்பிடுவாங்க. படிச்சவ, உனக்கு வேற இடம் கிடைக்கும்."

"நான் உன் பெட்டியை மட்டும் பாக்க மாட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் குனிந்து கோழித் தீவனத் தட்டை நகர்த்தி வைத்தான். தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறான்.

அக்கரையில் இன்னும் மூன்று பட்டிகளின் வாத்துகள் தண்ணீரில் இருந்தன. அவள் ஒரு கையால் போனை எடுத்து டைரக்டரை அழைத்தாள்.

"சார், ஏரியை உடனே மூடச் சொல்லுங்க. வாத்தெல்லாம் பட்டிக்குத் திரும்பணும். என் அறிக்கை தப்பு."

அண்ணன், அதோடு நிறுத்து என்பதுபோல் தலையசைத்தான். நிறுத்தியிருக்கலாம். தப்பு என்னுடையது என்று சொல்வது அவளுக்குப் புதிதல்ல.

"குப்பியில இருந்தது கோழி எச்சில் சார். கொண்டுவந்தது என் அண்ணன். பாக்காம விட்டது நான்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தங்கையை யாரோ போலப் பார்த்தான். அவள் அக்குளில் இருந்த கோழி மட்டும், குச்சி வரும் என்று இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தது.