லொரேட்டாவின் எட்டு அடி

1

இந்தக் கதை எங்கள் சமையலறை ரேடியோவிலிருந்து வந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையில் எல்லா வீட்டிலும் போலவே எங்கள் வீட்டிலும் படகு ரேடியோ அடுப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். எனக்குப் பேச வராது. கேட்க நன்றாக வரும். கேட்டதைச் சரியாக எழுதுவேன். கேட்காததையும் (கப்பலுக்குள் நடந்ததெல்லாம் அப்படித்தான்) சரியாகவே இட்டுக்கட்டுவேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மலை மலையாக அலைகள் —"

வேண்டாம். அலை எட்டு அடி. கதையே அந்த அளவைப் பற்றியது. முதல் வரியிலேயே நான் ஊதிப் பெருக்கினால் எப்படி?

2

லொரேட்டா கீப்பிங் ஒரு சரக்குக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த துணை அதிகாரி. காற்று, குளிர், அலை மூன்றையும் பார்த்து வானிலை அலுவலகத்துக்கு அனுப்புவதும், சின்னப் படகுகளுக்காக ரேடியோவில் வாசிப்பதும் அவள் பொறுப்பு. அலையை அவள் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. கப்பல் அலைப்பள்ளத்தில் இறங்கும்போது, வருகிற அலையின் உச்சி தொடுவானத்தைச் சரியாக மறைக்கும்வரை கப்பல் ஏணியில் படிப்படியாகக் கீழே இறங்கி நிற்பாள். அப்போது தண்ணீரிலிருந்து அவள் கண் எவ்வளவு உயரமோ, அதுதான் அலை.*

அன்று மதியம், எங்கள் விரிகுடா வாய்க்கு நேரே, எட்டு.

(* அங்கே அளப்பதற்கென்று ஒரு மிதவை இருந்தது. புயலில் சங்கிலி அறுந்து எங்கோ கரையேறிவிட்டது. மணலில் கிடந்தபடி "அலை பூஜ்யம்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லவில்லை, பாவம்.)

3

கேப்டன் டோபினை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். ஆனால் வாயைத் திறந்ததும் மனிதர் நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எட்டா? அஞ்சுன்னு அனுப்பு, பொண்ணே."

"நான் பாத்தது எட்டு, ஸ்கிப்பர்."

"நானும்தான் பாத்தேன். இந்தக் கரையில எந்தக் கேப்டனும் உள்ளதைச் சொன்னதில்ல. சொன்னா பயந்தாங்கொள்ளின்னு பேரு. அதனால கேக்கறவனும் பாதியைக் கூட்டிக்குவான். அஞ்சுன்னா எட்டுன்னு புரிஞ்சுக்குவான். இது பொய்யா? ஊர்க் கணக்கு."

"வானிலை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஊர்க் கணக்குத் தெரியுமா?"

"அது என்ன, படகா ஓட்டுது?"

லொரேட்டா எட்டு என்றே அனுப்பினாள். எட்டு என்றே வாசித்தாள்.

4

எங்கள் படகுத்துறையில் ஆம்ப்ரோஸ் ஸ்கின்னர் படகை முடுக்கிவைத்திருந்தார். தம்பி வில்ஃபுக்குக் குடல்வால் வீங்கியிருந்தது; இருட்டுவதற்குள் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஹெலிகாப்டர் வேறு எங்கோ போயிருந்தது. அந்தப் படகு பத்து அடி அலை தாங்கும். அதற்கு மேல் என்றால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆம்ப்ரோஸ் ரேடியோவைக் கேட்டார். பாதியைக் கூட்டினார்.

"பன்னெண்டு. கயித்தைக் கட்டிட வேண்டியதுதான்."

"அண்ணே," வில்ஃப் மடங்கிக் கிடந்தபடியே சொன்னார், "அலைக்குப் பாதி கூட்டற. என் வலிக்கும் கொஞ்சம் கூட்டிப் பாரேன்."

"மூடிட்டுப் படு."

பிறகு ரேடியோவில், "டோபின், பன்னெண்டுல அக்கரைக்குப் போக முடியாது. ராத்திரி அலை எறங்குமா?"

கப்பலில் லொரேட்டா மைக்கை எடுத்தாள்.

"பன்னெண்டு இல்ல! எட்டு, எட்டுதான்!"

"யாரு கண்ணு நீ?"

"புதுசு. கீப்பிங்."

"உன் எட்டு எந்த எட்டு?"

5

இங்கே இரண்டு மாதம் நின்றேன். நடந்தது தெரியும்; அதை நம்பமாட்டீர்களோ என்று வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: லொரேட்டா பல்லைக் கடித்துக்கொண்டு "மன்னிச்சுக்கங்க, அஞ்சு" என்கிறாள். படகு புறப்படுகிறது, வில்ஃப் பிழைக்கிறார். அடித்துவிட்டேன். மறுநாள் அவள் எந்த எண்ணைச் சொல்வாள்?

முடிவு ஆ: அலை தானாக அடங்கி — சீ.

முடிவு இ: கேப்டன் மைக்கை வாங்கி "எட்டு" என்கிறார். இதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் டோபின் எட்டு என்றால் அதுவும் பன்னிரண்டுதான். அவர் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அதன் பின்னால் பாதி ஒட்டிக்கொண்டே வரும். அவர் சொல்ல வேண்டியது எண்ணே அல்ல.

6

அவர் மைக்கை வாங்கினார். கரை நெடுக எல்லாச் சமையலறையிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும். இது இட்டுக்கட்டியதல்ல, என் காதால் கேட்டது:

"ஆம்ப்ரோஸ். நான் இத்தனை வருஷமா குறைச்சுத்தான் சொல்லிட்டு வந்தேன். உனக்கே தெரியும். இந்தப் பொண்ணு குறைக்கல. இவ எட்டோட ஒண்ணையும் கூட்டாத."

எங்கோ ஒரு வீட்டில் யாரோ பேசும் பொத்தானை அழுத்திச் சிரித்தார்கள். அப்புறம் வெறும் இரைச்சல்.

துறைக்கு ஓடிப்போய்ப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து நூறு அடிகூட இல்லை, நானும் ஓடினேன். பார்த்ததை எழுத என்னால் முடியும். ஆனால் படகு போனது என்றால் நல்ல முடிவுக்காகச் சேர்த்தேன் என்பீர்கள்; கட்டிக் கிடந்தது என்றால் அழவைக்கச் சேர்த்தேன் என்பீர்கள். கதை சொல்கிறவர்களின் பேச்சில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

ஆகவே அளவை மட்டும் தருகிறேன். அலை எட்டு அடி. படகு பத்து தாங்கும். வெளிச்சம் இன்னும் இருக்கிறது, வில்ஃப் பலகையில் கிடக்கிறார். கயிறு உங்கள் கையில்.