அன்ரோவின் லப்டொப் ஏற்காத கார்ட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது மட்டக்களப்பு வாவியைப் பற்றி. நிலவு, தோணி எல்லாம் தயாராக இருந்தன. நடுவில் என் லப்டொப் மண்டையைப் போட்டது. கோட்டைமுனையில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு ஆணும் பெண்ணும் ஏதோ கார்ட் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியைக் கேட்டேன், மீதியை இட்டுக்கட்டினேன். தோணியைக் கரையில் கட்டியாயிற்று.

2

தொடக்கம்: "வாவியின் மேல் மஞ்சள் வெயில் சரிந்த அந்த மாலையில், மேர்லின் தன் கைப்பையிலிருந்து..."

[வேண்டாம். அது காலை. எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.]

மறுபடி: ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் தேவாலயங்களில் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாண வீடியோவும் எடுக்கும் அந்தக் கடைக்காரர் அன்ரோ பழைய வேலைகளை அப்போதுதான் கையில் எடுப்பார். யார் எதைக் கேட்டாலும் "தவக்காலத்தில வாங்க" என்பார். அதற்குள் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய தொழில் ரகசியம். மேர்லின் மறக்கவில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்றே, நெற்றியில் சாம்பலோடு, தன் கல்யாண வீடியோக் கசெற்றைக் கேட்டு வந்து நின்றாள்.

3

மேர்லின் கத்தோலிக்கப் பெண். பல வருடங்களுக்கு முன் கட்டியது சித்தாண்டி நிலோஜனை, அவன் சைவம். காலையில் தேவாலயத்தில் ஆசீர்வாதம், பிறகு சித்தாண்டிக் கோயிலில் தாலி. அவளுடைய அப்பா ஜெயராஜா "ரெண்டுக்கும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். தேவாலயத்தில் முன்வரிசையில் அவருக்கு வைத்த இடம் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

போன வருடம் அவர் செத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த மேர்லினிடம் அன்ரோ குனிந்து சொன்னார்: "அழாத புள்ள. அப்பா கோயிலடிக்கு வந்தவர். குடையோட வெளிய நிண்டவர். நான் எடுத்தனான்."

எல்லோரும் தேவாலயத்தில் தேட, மனிதர் கோயிலடிக்குப் போயிருக்கிறார்! அருமையான திருப்பம். ஒரே குறை, அது அன்ரோவே செய்த திருப்பம். அவருக்கு உண்மையில் ஒன்றும் ஞாபகமில்லை. செத்தவீட்டில் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னார். ஆதாரம் கேட்டு ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது?

4

கசெற்றை எடுத்துப் பார்க்க, அந்தக் காலத்துக் கமராவை லப்டொப்போடு வயரால் இணைக்கவேண்டும். இந்தக் காலத்து லப்டொப்பில் அந்த வயரைச் செருக இடமில்லை. அன்ரோவின் பழைய லப்டொப்பில் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அதற்குள் ஒரு கார்ட்டைப் போட்டால், வயர் கார்ட்டில் ஏறும்.*

(* கமராவை டிவியில் மாட்டிப் பார்க்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: கமராவில் டிவி வயர் செருகும் ஓட்டையை வாவியின் உப்புக்காற்று தின்றுவிட்டது. கமராவின் சின்னத் திரையும் கறுத்துப்போயிற்று. இல்லாவிட்டால் எனக்குக் கதை இல்லை.)

அன்ரோவிடம் இருந்த கார்ட் வேறு வகை. உள்ளே போனது, பிடிக்காமல் ஆடியது. அன்ரோ கவலையோடு உதட்டைப் பிதுக்கினார். உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னார்.

மேர்லின் இன்னொன்று வாங்கிவந்தாள். அது இறுகப் பிடித்தது. லப்டொப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்ததை லப்டொப் கண்டுகொண்டது. கமராவை இணைத்த உடனே திரை உறைந்து நின்றது.

"பழைய சாமான் புள்ள. ஒண்டை ஒண்டு ஏற்காது. விட்டிரு."

"ஏற்கும் அண்ணன். கார்ட்டில இரிக்கிற சிப் சரியான கொம்பனிட சிப்பா இரிக்கணும். நான் தேடி வாசிச்சனான்."

(ஏற்காத கார்ட், ஏற்காத அப்பா, இரண்டு சமயம் என்று இங்கே ஒரு உவமை வருமென்று காத்திருக்கிறீர்கள். தரமாட்டேன். ரொம்ப மலிவு.)

5

தவக்காலம் முடியும் தறுவாயில், குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள், வெளிநாட்டிலிருந்து தருவித்த கார்ட்டோடு மேர்லின் வந்தாள். செருகினார்கள். கமராவின் பெயர் திரையில் வந்தது. அன்ரோ மாதாவுக்குச் சொன்ன நன்றியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

முடிவு அ: ஜெயராஜா குடையோடு நிற்கிறார். [எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: அங்கே யாருமில்லை. மேர்லின் திரும்பி அன்ரோவை... [முடிக்க மனம் வரவில்லை.]

முடிவு இ: குடை தெரிகிறது, முகம் தெரியவில்லை. [எழுத்தாளர்கள் வழக்கமாகத் தப்பி ஓடும் வழி. நானும் செருப்பை மாட்டினேன்.]

6

அதற்குள் அன்ரோ வாய் திறந்துவிட்டார்.

"பொறு புள்ள. நான் அண்டைக்குச் சொன்னது... அவர் வந்தவரோ தெரியா. நீ அழுறதப் பாக்க ஏலாமத்தான் சொன்னன்."

மேர்லின் கமராவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் அண்ணன். கோயிலடியிலயும் நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். அப்பா வரல்ல."

"அப்ப ஏன் புள்ள இவ்வளவு கார்ட்?"

"அண்டைக்கு முழுக்க அவரையே தேடின எனக்கு, கல்யாணம் நடந்ததே நினைவில்ல. ஒரு தரமாவது சந்தோசமாச் சிரிச்சனா எண்டு பாக்கணும்."

என் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. மேலே திரும்பிப் பாருங்கள். அப்பாவுக்குக் குடை கொடுத்திருக்கிறேன். அன்ரோவுக்குத் தொழில் ரகசியம் கொடுத்திருக்கிறேன். லப்டொப்பின் துளையைக்கூட விளக்கியிருக்கிறேன். மணப்பெண்ணின் முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னுடைய மூன்று முடிவுகளுமே வேறு யாரோ ஒருவரின் கதைக்கு.

மேர்லின் விசையை அழுத்துகிறாள். கசெற் சுழல்கிறது. நான் கடைக்கு வெளியே போய் நிற்கிறேன். இனி நான் எழுதும் எந்தச் சிரிப்பும் அன்ரோ இட்டுக்கட்டிய குடையைப் போலத்தான் இருக்கும். திரை உங்கள் பக்கம் இருக்கிறது. அவள் சிரித்தாளா என்று நீங்களே பாருங்கள். சிரிக்கவில்லையென்றால், தயவுசெய்து அவளுக்கு ஆறுதல் மட்டும் சொல்லவேண்டாம்.