கப்பலில் ஏறிய பின்

புகார் வந்த அன்று எங்கள் களத்தில் இருந்தவர்கள்: சடையப்பனாகிய நான், என் தம்பி பஞ்சாட்சரம், அவன் மகள் தமிழ்ச்செல்வி, மூட்டை ஏற்றும் ஆட்களின் தலைவன் எல்லப்பன், சென்னையிலிருந்து வந்த ஏற்றுமதி ஏஜென்ட் வேதகிரி. இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் திருப்புலிவனம் டீக்கடையில் இருந்தவர்கள்.

2002-இல் மலேசியாவுக்கு நாங்கள் அனுப்பிய புழுங்கலரிசி, கன்டெய்னரைத் திறந்தபோது நனைந்திருந்ததாம். எடை கூட்டுவதற்காக ஈர அரிசியை ஏற்றினோம் என்று வாங்கியவர் சொல்கிறார் என்றார் வேதகிரி. எங்கள் வீட்டு மூட்டையை அதுவரை எவரும் பிரித்துப் பார்த்து வாங்கியதில்லை.

"மழைல ஆளுங்க தெரியாம ஏத்திட்டாங்கன்னு எழுதி ஒரு கையெழுத்து போடுங்க. உங்க பேரு கெடாது" என்றார் அவர்.

எல்லப்பன் என்னைப் பார்த்தான்.

"ஏத்தச் சொன்னவன் நானு. அவன் மேல பழிய போட்டுட்டு எனக்கு இன்னா பேரு வேண்டிக்கீது?" என்றேன்.

தமிழ்ச்செல்வி ஒப்பந்தத்தை எடுத்துச் சொன்னாள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏறும்வரைதான் சரக்கு நம் பொறுப்பு. ஏறியபின் புயலோ ஓட்டையோ வாங்கியவர் பாடு. அதற்குத்தான் அவர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார். பெட்டியைக் குறையில்லாமல் ஏற்றிக்கொண்டதாகக் கப்பல்காரர் ரசீதும் கொடுத்திருந்தார்.

அவர்கள் வெளிப்புறம் பார்த்துத் தருவதுதானே, கூரையில் முன்பே ஓட்டை இருந்திருந்தால் யார் கண்டது என்று வேதகிரி மடக்கினார்.

நான் கண்டேன். குதிரில் நெல் கொட்டுமுன் எங்கள் வீட்டில் ஒருவர் உள்ளே இறங்கி மூடச் சொல்வது வழக்கம். ஊசிமுனை வெளிச்சம் வந்தாலும் மண் பூசிவிட்டுத்தான் நெல். மூட்டை ஏற்றுமுன் அந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் அப்படித்தான் போய் நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரே இருட்டு.

"கொஞ்சம் வுட்டிருந்தா அண்ணனையும் சேத்து மலேசியாவுக்கு ஏத்திக்கினு இருப்போம்" என்றான் பஞ்சாட்சரம்.

வேதகிரி கொண்டுவந்த போட்டோவையே அவரிடம் திருப்பிக் காட்டினேன். மேல் வரிசை மூட்டைகள் மட்டும் கறுத்திருந்தன. அடி வரிசையில் ஒரு கறைகூட இல்லை.

"ஈர அரிசின்னா எல்லா மூட்டையும்தான பூஞ்சணம் பூத்திருக்கும்? இது மேலேருந்து எறங்கின தண்ணி. கையெழுத்து கெடையாது. வாங்கினவர இன்சூரன்ஸ்ல கேக்கச் சொல்லுங்க."

அவர் அங்கேதான் கேட்டார், கிடைத்தது. அடுத்த அறுவடைக்கும் எங்கள் அரிசியே போயிற்று.

பெட்டியின் கதவைச் சாத்தியதும் நான் பயந்து தட்டினேன் என்று காவாந்தண்டலம்வரை பேசுகிறார்கள். தட்டவில்லை. பார்த்து முடித்தபின் எல்லப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரே முறை.