ஆறு நாள் என்றே அச்சடியுங்கள்

நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டைக்கு சர்க்யூட் வடிவமைப்பது என் வேலை. நோயாளி வீட்டிலேயே இருக்க, அவருடைய இதயத் துடிப்பை அது ரேடியோ வழியாக மருத்துவமனைக்கு அனுப்பும். அதற்குச் சோறு போடுவது சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. ஏழு நாள் தாங்கும் என்று விளம்பரத் தாளில் போட்டுவிட்டார்கள். என் மேசையில் அது நான்கே நாளில் மூச்சை விட்டது.

மேலாளர் சுலபமாக வழி சொன்னார்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, அரை நிமிஷம் முழிச்சா போதும்மா. மத்த நேரம் தூங்கட்டும்."

"தூங்குற நேரத்துல துடிப்பு தப்பினா?"

"எல்லாருக்குமா தப்பப் போகுது? ஒப்புதல் பாரத்துல கையெழுத்தப் போடுங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்று பேருந்துச் சாவியைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்தவள்தான். இரண்டு மாதமாக வீட்டில் பொருமிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனால் மட்டும் இதயம் நல்ல பிள்ளையாகிவிடும். "மனசுல பயம், அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்களும் தீர்ப்புச் சொன்னார்கள்.

டாக்டரின் சம்மதத்தோடு அவள் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினேன். ஒன்று எப்போதும் விழித்திருப்பது. இன்னொன்று மேலாளர் சொன்னபடி தூங்குவது.

"நான் என்ன உனக்குச் சோதனை எலியா?" என்றாள் அக்கா. "சரி, ஒட்டு. எனக்குப் பயம்னு சொன்னவங்க வாயை அடைக்கணும்."

மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது விநாடி. விழித்திருந்த பட்டை துடிப்பு தாறுமாறாக ஓடியதை முழுசாகப் பதிந்திருந்தது. மற்றது தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பதிவுகளையும் மேலாளர் முன் விரித்தேன்.

"ஒரு ஆளை வச்சு முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

"ஒரே ஒரு ஆளை அது தவறவிட்டாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

பாரத்தை அடுத்த மேசைக்குத் தள்ளினார். அங்கே இருந்தவர் எங்கள் பரிசோதகர். வாய் திறந்து பேசியே பார்த்ததில்லை. அதைத் திருப்பித் தள்ளி, "அவங்க போடாத இடத்துல நானும் போடல சார்" என்றார். அப்போது எனக்குக் கிடைத்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வாரம் மீட்டரும் கையுமாக உட்கார்ந்தோம். துடிப்பைக் கேட்பதற்கு மின்சாரம் துளிதான் போகிறது. ஒவ்வொரு துடிப்பையும் உடனே ரேடியோவில் அனுப்புவதுதான் பேட்டரியைத் தின்கிறது. அதனால் இடைவிடாமல் கேட்டு உள்ளேயே எழுதி வைத்து, மணிக்கு ஒரு தடவை சுருக்கமாக அனுப்பும்படி மாற்றினோம். துடிப்பு தப்பினால் மட்டும் அந்தக் கணமே அனுப்பும். ஆறு நாள் வந்தது.

"இன்னும் ஒரே நாள்தானே? கொஞ்சமா தூங்க விடுங்க" என்றார் மேலாளர்.

"ஒரு நிமிஷம்கூட விட மாட்டேன். ஆறுன்னே அச்சடிங்க."

முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்த விளம்பரத் தாளில் ஆறு என்றிருந்தது.

பதிவைப் பார்த்த டாக்டர் அக்காவுக்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். அந்தப் பதிவின் நகல்களை அவள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

மேலாளர் இப்போதும் லிஃப்டில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சத்தமாகவே வணக்கம் சொல்கிறேன்.